வடசென்னை வீடுகளில் ஒரு ஆய்வுப் பை: எந்த மெஷினை நம்பலாம், எதற்குக் காசு செலவழிக்கலாம்

மக்கள்நல ஆய்வுக்கு வீடு வீடாகப் போகும் குழுவின் தோளில் தொங்கும் பையில் இருப்பவை இவ்வளவுதான்: பி.பி. மெஷின், எடை மெஷின், உயரம் அளக்கும் கம்பம், நாடா, சுகர் மெஷின், சில ஆய்வுகளில் ஹீமோகுளோபின் மெஷின், ஒரு டேப்லட். தமிழ்நாட்டில் 18 முதல் 69 வயதுவரை உள்ளவர்களில் 33.9% பேருக்கு உயர் ரத்த அழுத்தம், அவர்களில் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் 7.3% மட்டுமே என்று, உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி நடந்த 2020-ன் ஸ்டெப்ஸ் ஆய்வு சொன்னது. 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டபோது அதன் தேவையை விளக்க இந்த மாதிரி எண்கள்தான் கையில் இருந்தன. அந்த எண்கள் பிறப்பது இந்தப் பையிலிருந்து. பையை காசிமேடு, வியாசர்பாடி, எர்ணாவூர் வீடுகளுக்குள் எடுத்துப் போனால் எந்தச் சாமான் தாங்குகிறது, எது கவிழ்க்கிறது என்பதுதான் இந்த விமர்சனம். ஆய்வுக்குப் போகிற குழுக்களுக்காக எழுதியது. பி.பி. பகுதி வீட்டில் மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் உதவும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மெஷினில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கலாம். கையில் கட்டும் பட்டையிலும் (கஃப்) ஸ்டூலிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

பி.பி. மெஷின்

டிஜிட்டல் மெஷின் டாக்டர் மாதிரி காதால் கேட்பதில்லை. பட்டையில் காற்று ஏறி ரத்த ஓட்டத்தை அடைக்கும். காற்று இறங்க இறங்க நாடி பட்டையை அதிரவைக்கும். அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடம் சராசரி அழுத்தம். திரையில் வரும் மேல் எண்ணும் கீழ் எண்ணும் அந்த அதிர்விலிருந்து கம்பெனி தன் சொந்தக் கணக்குப்படி போட்டுக் கொடுப்பவை. கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறு, வெளியே சொல்லவும் மாட்டார்கள். அதனால் இரண்டு நல்ல மெஷின்கள்கூட ஒரே கையில் கொஞ்சம் வேறுவேறாகக் காட்டும். ஆய்வு பாதியில் இருக்கும்போது 'அந்த மாடல் ஸ்டாக் இல்லை, இது இருக்கு' என்று வேறு மாடலை வாங்கிச் சேர்த்தால், தொண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே தெரியும் வித்தியாசம் மக்களுடையதா மெஷினுடையதா என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது விளம்பரத்தை அல்ல, மாடல் எண்ணை. ஐஎஸ்ஓ 81060-2 என்ற தரப்படி குறைந்தது 85 பேரிடம் சோதித்து, சராசரி வித்தியாசம் 5 மி.மீ. பாதரசத்துக்குள்ளும் சிதறல் 8-க்குள்ளும் வந்தால்தான் தேர்ச்சி. தேர்ச்சி பெற்ற மாடல்களை ஸ்ட்ரைட் பிபி என்ற இணையதளம் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. பெயர் பெற்ற கம்பெனி என்பதற்காக அதன் எல்லா மாடலும் அதில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். மணிக்கட்டு மெஷினை ஆய்வுப் பையில் போடவே வேண்டாம். கை இதயத்துக்கு நேராக இல்லாவிட்டால் எண் ஓடிவிடும், வீட்டில் அதை யாரும் நேராகப் பிடிப்பதும் இல்லை.

பாரிமுனைப் பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருவில் சர்ஜிக்கல் சாமான் மொத்த விலைக்குக் கிடைக்கும். அங்கே போனால் மெஷினைவிட முதலில் கேட்க வேண்டியது, 'இந்த மாடலுக்குப் பெரிய கஃப் தனியா இருக்கா?' என்பதுதான். பெட்டியோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது. பெரிய பட்டையும் சின்னப் பட்டையும் அதே கம்பெனியிடம் இல்லையென்றால் அந்த மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஆய்வுக்கு ஆகாது. ஒரு கம்பெனி மெஷினில் இன்னொரு கம்பெனி பட்டையைச் செருகினால் செருகு பொருந்திவிடும், எண் பொருந்தாது. பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். எந்த மெஷின் எந்தக் குழுவிடம் இருந்தது என்ற பதிவு அதிலிருந்துதான் தொடங்கும்.

பட்டைக்கு ஏன் இவ்வளவு பேச்சு? அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 195 பேரிடம் செய்து 2023-ல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். பெரிய பட்டை தேவைப்படும் கையில் சாதாரணப் பட்டையைக் கட்டினால் மேல் எண் சராசரியாக 4.8 கூடியது. மிகப் பெரிய பட்டை தேவைப்படும் கையில் 19.5 கூடியது. சின்னப் பட்டை தேவைப்படும் கையிலோ 3.6 குறைந்தது. இதை அப்படியே துறைமுகத்துக்கும் கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டுக்கும் கொண்டு வாருங்கள். மூட்டை தூக்கித் தூக்கிக் கை முறுக்கேறிய மனிதருக்கு 36 செ.மீ. இருக்கும். உண்மையில் 136 உள்ளவர் 141 ஆகி, 140 என்ற எல்லைக்கோட்டைத் தாண்டி நோயாளிக் கணக்கில் ஏறுவார். அதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அவருடைய அம்மாவுக்குக் கை 20 செ.மீ.கூட இருக்காது. 142 உள்ள அந்த அம்மா 138 ஆகித் தப்பித்துவிடுவார். இரண்டு பிழையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சதவீதம் சரியாக வந்துவிடும் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. சதவீதம் ஒருவேளை வரலாம், ஆட்கள் மாறிப்போயிருப்பார்கள். மாத்திரை கொடுக்கப் போவது சதவீதத்துக்கு அல்ல.

கை அளக்கும் முறை: தோள் முனை எலும்புக்கும் முழங்கை முனை எலும்புக்கும் நடுவில் பேனாவால் ஒரு கோடு. கையைத் தொங்கவிடச் சொல்லி அந்தக் கோட்டில் நாடாவைச் சுற்றுங்கள். தோலை அழுத்தாதபடி, ஆனால் தொளதொளவென்றும் இல்லாமல். 22-க்குக் கீழே சின்னது, 32 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. இந்த எல்லைகள் பட்டையிலேயே அச்சிட்டிருக்கும், கம்பெனியைப் பொறுத்துச் சற்றே மாறும். பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்பிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. மேலே நிற்க வேண்டும், உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும். குழாய் உள்ளங்கைப் பக்கமாக இறங்க வேண்டும்.

ரவிக்கைதான் இங்கே வில்லன். இறுக்கமாகத் தைத்த கையை மேலே சுருட்டினால் அதுவே ஒரு கட்டு மாதிரி ரத்தத்தைப் பிடிக்கும். சுருட்டிவிட்டுப் பட்டை கட்டுவதும் தப்பு, தடித்த துணிமேல் கட்டுவதும் தப்பு. காலை பத்து மணிக்கு முன்னால் போனால் பாதிப் பேர் நைட்டியில் இருப்பார்கள், வேலை சுலபம். மற்றவர்களுக்கு, பெண் பணியாளர் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கையை மட்டும் ரவிக்கையிலிருந்து எடுத்துவிட்டு மேலே துண்டு போர்த்தச் சொல்வதுதான் வழி. குழுவில் பெண் இல்லையென்றால் அன்றைய பி.பி. அளவுகளில் பாதி துணியின் அளவுதான்.

அடுத்து நாற்காலி. பையில் இல்லாத, ஆனால் பையிலேயே முக்கியமான சாமான். ஒற்றை அறை வீடுகளில் தரையில் உட்கார்வதுதான் வழக்கம். தரையில் சம்மணமிட்டு, கையை மடியில் வைத்து அளப்பது ரொம்ப சகஜமாக நடக்கிறது. அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 133 பேரிடம் செய்து 2024-ல் வெளியிட்ட இன்னொரு சோதனையில், கை மேசைமேல் இருப்பதைவிட மடியில் இருந்தால் மேல் எண் 3.9, கீழ் எண் 4.0 கூடுதலாகக் காட்டியது. பக்கத்தில் தொங்கவிட்டால் 6.5-உம் 4.4-உம் கூடியது. இது காகிதத்தில் சின்ன எண். ஆனால் ஒரு தெரு முழுக்க ஒரே திசையில் நான்கு நான்காகக் கூடினால், எல்லைக்கோட்டில் நிற்கும் அத்தனை பேரும் ஒரே பக்கம் சாய்வார்கள். கட்டுக்குள் இருப்பவர்களின் சதவீதமும் சேர்ந்து இறங்கும். மாத்திரை சாப்பிட்டு 137-ல் நிற்பவர் 141 ஆகிவிட்டால், திட்டம் தோற்றதாக அறிக்கை எழுதிவிடுவார்கள்.

தீர்வு எளிது. மடக்கும் ஸ்டூல் ஒன்றைக் குழுவே சுமந்து போக வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி பக்கத்து வீட்டில் எப்படியும் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். நாற்காலியில் ஆளை முதுகு சாய உட்காரவைத்து, கால் இரண்டும் தரையில் ஊன்றி, ஸ்டூல்மேல் இரண்டு தலையணை அடுக்கிக் கையை அதன்மேல் வைத்தால் பட்டை நெஞ்செலும்பின் நடுவுக்கு நேராக வரும். வராவிட்டால் தலையணையைக் கூட்டுங்கள், குறையுங்கள். குள்ளமான பாட்டிகளுக்குக் கால் தரையைத் தொடாது. காலடியில் ஒரு பலகையோ செங்கலோ போட வேண்டும்.

சத்தம் பற்றிய கவலை கொஞ்சம் மிகை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஹாரன், தெருமுனையில் ஸ்பீக்கர், இதற்கெல்லாம் பயந்து அளவை ஒத்திவைக்க வேண்டியதில்லை. பால்டிமோரில் ஒரு சந்தைக்குள் 108 பேரிடம் அளந்து 2025-ல் வெளியிட்ட சோதனையில், அமைதியான அறைக்கும் இரைச்சலான சந்தைக்கும் சிகிச்சையை மாற்றும் அளவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. முறை சரியாக இருந்தால் போதும். தெரு இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம், அளக்கப்படுபவரின் பேச்சைப் பொறுக்க முடியாது. காற்று ஏறத் தொடங்கியதும் இங்கே நடப்பது இதுதான்:

'இன்னாம்மா, இவ்ளோ இறுக்குது? கை கயண்டுடும் போல கீதே!'

'ஒண்ணும் ஆவாதுக்கா. பேசாம இருங்க, முடிஞ்சதும் நானே சொல்றேன்.'

இந்த உரையாடல் நடந்த அளவு செல்லாது. அழித்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். இறுக்கும், அரை நிமிஷம் இருக்கும், அப்புறம் விட்டுவிடும், அதுவரை பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதித் தொல்லை இல்லை. இன்னொன்று, பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்க வேண்டிய வீடுகளில் பலர் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நிறைந்த சிறுநீர்ப்பை பி.பி.யை ஏற்றும். 'முதல்ல போயிட்டு வந்துடுங்க' என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். டீ, பீடி முடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் முறைப்படி 15 நிமிஷம் உட்காரவைத்து, மூன்று நிமிஷ இடைவெளியில் மூன்று முறை அளந்து, கடைசி இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். முதல் அளவு பெரும்பாலும் கூடத்தான் இருக்கும், பட்டை இறுக்குகிற பதற்றம். மாலை ஐந்து மணிக்கு இன்னும் நாலு வீடு பாக்கி இருக்கிற பணியாளர் செய்யும் காரியம் எல்லோருக்கும் தெரியும்: மூன்றாவது அளவை எடுக்காமலேயே இரண்டாவதிலிருந்து ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்து எழுதிவிடுவது. இதைப் பிடிக்க மூன்று வழி உண்டு. மெஷினின் நினைவகத்தை வாரம் ஒருமுறை படிவத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது அளவுகளின் வித்தியாசத்தைப் பணியாளர்வாரியாகப் பாருங்கள். உண்மையான கைகளில் அது 5, 8, 11 என்று அலையும், கற்பனையில் 1, 2, 2, 1 என்று அடக்கமாக இருக்கும். கடைசி இலக்கத்தை எண்ணுங்கள். டிஜிட்டல் மெஷினில் 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 10% வர வேண்டும். ஒருவருடைய தாளில் மட்டும் 0-உம் 8-உம் குவிந்தால், அது மெஷின் எழுதியது இல்லை.

பேட்டரி: மலிவான செல் போட்டால் காற்று மெதுவாக ஏறும், நடுவில் நின்று பிழைக் குறி காட்டும். ஆல்கலைன் போடுங்கள். திரும்பச் சார்ஜ் செய்யும் செல்கள் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான் தரும், சில மெஷின்கள் புது செல்லையே தீர்ந்ததாக நினைக்கும். கசிவு: குழாய் செருகும் இடத்தில் விரிசல் விழும். பட்டையைச் சுருட்டி மெஷினோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைப்பதால் வருவது. மாதம் ஒருமுறை 'டி' வடிவ இணைப்பு போட்டு, சான்று பெற்ற அளவுமானியோடு 50, 100, 150, 200-ல் ஒப்பிட்டுப் பாருங்கள். 3-க்கு மேல் விலகினால் அந்த மெஷினை ஒதுக்கிவிட வேண்டும். நாடி ஒழுங்கில்லாதவர்களிடம் எந்த டிஜிட்டல் மெஷினும் தடுமாறும். அவர்களை எண்ணோடு விட்டுவிடாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

மொத்தத்தில், மூன்று பட்டையோடு வந்தால் 5-க்கு 4. ஒரே பட்டையோடு வந்தால் 5-க்கு 2.

எடை, உயரம், நாடா

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019-21) பயன்படுத்திய சேகா 874 எடை மெஷினும் சேகா 213 உயரக் கம்பமும் இந்த வேலைக்கென்றே செய்தவை. குறிப்பாக எடை மெஷினில் தாயையும் பிள்ளையையும் சேர்த்து நிறுத்திப் பிள்ளையின் எடையை மட்டும் காட்டும் வசதி உண்டு. நிற்கவே மாட்டேன் என்று அழும் இரண்டு வயதுக் குழந்தைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. விலை அதிகம். கொடுக்கலாம்.

ஆனால் எந்த எடை மெஷினும் தரையை மீறி வேலை செய்யாது. பழைய வாரியக் குடியிருப்புகளின் சிமென்ட் தரை பெயர்ந்து பள்ளம் மேடாக இருக்கும், புது டைல்ஸ் வீட்டில் தண்ணீர் ஓட வாட்டம் வைத்திருப்பார்கள். ஒரு கெட்டிப் பலகையும் கொத்தனார் வைத்திருக்கும் சின்ன ரசமட்டமும் பையில் இருக்கட்டும். பலகையைப் போட்டு, குமிழி நடுவில் நின்ற பிறகு மெஷினை வையுங்கள். பாயின் மேலும் மெத்தை விரிப்பின் மேலும் வைக்கவே கூடாது. காலையில் புறப்படும்முன் முத்திரையிட்ட 10 கிலோ எடைக்கல்லை வைத்துப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் கேனை வைத்துப் பார்க்கும் வழக்கமும் இருக்கிறது. கேனுக்கும் எடை உண்டு, எல்லாக் கேனும் கழுத்துவரை நிரம்பியும் வராது. அதை நம்ப வேண்டாம்.

உயரத்தில் கொண்டையும் பூவும் சேர்ந்து அளக்கப்படுகின்றன. கொண்டையை அவிழ்க்கச் சொல்ல வேண்டும், அல்லது பக்கவாட்டில் தள்ள வேண்டும். காது ஓட்டையும் கண்ணின் கீழ் ஓரமும் ஒரே கிடைக்கோட்டில் வருமாறு தலை இருக்கட்டும். படிப்பவர் கண் அளவுக்கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும், கீழே நின்று அண்ணாந்து படித்தால் எண் மாறும். ஒரு செ.மீ.யில் என்ன போய்விடும்? 56 கிலோ, 150 செ.மீ. உள்ள பெண்ணின் உடல் நிறை எண் 24.9. அதையே 149 என்று எழுதினால் 25.2. நம் நாட்டில் 25-ல் உடல் பருமன் தொடங்குவதாகக் கணக்கு. அந்த ஒரு செ.மீ.யில் அவர் கட்சி மாறிவிட்டார்.

டெய்லர் நாடா நாளாக ஆக நீளும். மாதம் ஒருமுறை இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பாருங்கள், நீண்டிருந்தால் தூக்கிப் போடுங்கள். இடுப்பை அளக்கும் இடம் பாவாடை நாடா கட்டும் இடம் அல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில்.

சுகர் மெஷின்

பையிலேயே அதிகம் மதிக்கப்படுவதும் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். ஐஎஸ்ஓ 15197 தரப்படி, 100-க்கு மேலே 95% அளவுகள் உண்மையிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் மெஷின் தேறிவிடும். அப்படியென்றால் வெறும் வயிற்றில் உண்மையாக 126 உள்ளவருக்கு 107-உம் காட்டலாம், 145-உம் காட்டலாம், இரண்டும் 'சரி'. ஆயிரம் பேரின் சராசரிக்கு இது போதும். ஒரு ஆளைக் காட்டி 'உனக்கு சர்க்கரை' என்று சொல்ல இது போதாது, ஆய்வகச் சோதனை வேண்டும்.

வடசென்னையில் இதற்கு மூன்று எதிரிகள். முதலாவது டீ. விடிகாலை ஐந்தரைக்கு டீக்கடை திறந்துவிடும். 'வெறும் வயிறுதானே?' என்றால் 'ஆமா' என்பார்கள், டீயைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'காலைல டீ குடிச்சீங்களா? பிஸ்கெட்?' என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் உண்மை வரும். இரண்டாவது வெயில். ரத்தச் சொட்டு வைக்கும் ஸ்ட்ரிப்புகளை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று பல டப்பாக்களில் அச்சிட்டிருக்கும். மே மாதம் பைக் பெட்டிக்குள் அது எப்போதோ தாண்டிவிடும். ஐஸ் ஜெல் போட்ட சாப்பாட்டுப் பை ஒன்று வாங்கினால் தீர்ந்தது, ஆனால் ஸ்ட்ரிப் ஜெல்லைத் தொட்டுக்கொண்டு ஈரமாகக் கூடாது. மூன்றாவது ஈரக்காற்று. டப்பாவைத் திறந்து ஒரு ஸ்ட்ரிப் எடுத்ததும் மூட வேண்டும். ஐந்தாறு எடுத்துத் தட்டில் அடுக்கி வைக்கும் வேலை கடலோரத்தில் ஆகாது.

விரலைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். வாழைப்பழம் உரித்த விரலில் சர்க்கரை ஒட்டியிருக்கும், மெஷினுக்கு ரத்தமும் பழமும் ஒன்றுதான். ஸ்பிரிட் தடவினால் காயும்வரை பொறுங்கள். விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், பிதுக்க வேண்டாம், முதல் சொட்டைத் துடைத்துவிடுங்கள்.

மெஷினைவிடப் பெரிய கேள்வி, எந்தச் சோதனையை வைத்து எண்ணுகிறோம் என்பது. சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு, 2008 முதல் 2020 வரை 1,13,043 பேரைப் பார்த்து, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023-ல் சொன்னது. அடுத்த ஆண்டே, தொற்றா நோய்களைக் கணக்கிடும் உலகளாவிய என்.சி.டி.-ரிஸ்க் குழு 21.2 கோடி என்றது. ஒரு வருஷத்தில் இரட்டிப்பாகவில்லை. முதல் ஆய்வு குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தது. இரண்டாவது வெறும் வயிற்று அளவு, மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி, இந்த இரண்டில் எது கூடினாலும் சேர்த்துக்கொண்டது. ரத்தசோகை உள்ளவர்களிடம் ஹெச்பிஏ1சி தடம் மாறும் என்பதும் நம் ஊரில் சின்ன விஷயம் இல்லை. தலைப்புச் செய்தியில் எண்ணைப் பார்த்தால், எந்தச் சோதனை என்று அடுத்த வரியில் தேடுங்கள்.

சுகர் மெஷினுக்கு 5-க்கு 3.

ஹீமோகுளோபின் மெஷின்

சின்ன ஆய்வாக இருந்தால் இதை வாங்க வேண்டாம். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு விரல் சொட்டு ரத்தத்தில் பார்த்து, 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 67.1% பேருக்கு ரத்தசோகை என்றது. 2016-18-ல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் பார்த்தபோது 1 முதல் 4 வயதில் 41%. வயது வரம்பும் ஆண்டும் வேறு என்பதைக் கழித்தாலும் இடைவெளி பெரிது. விரலைப் பிதுக்கினால் ரத்தத்தோடு திசுநீர் கலந்து நீர்த்துவிடும், எண் இறங்கும். பணியாளர் எவ்வளவு அவசரப்படுகிறாரோ அவ்வளவு பிதுக்குவார். ஹீமோக்யூ 201+ மெஷினின் குவெட்டுகளை (ரத்தச் சொட்டை ஏந்தும் சின்னத் தகடுகள்) 15 முதல் 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும், டப்பாவைத் திறந்தால் மூன்று மாதம்தான், ஈரம் பட்டால் வீண். இந்த மூன்று நிபந்தனையும் ராயபுரத்து வெயிலில் ஒன்றாக நிறைவேறுவது கடினம். நரம்பு ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப முடிந்தால் அளவிடுங்கள், முடியாவிட்டால் இந்தக் கேள்வியை ஆய்விலிருந்தே எடுத்துவிடுவது நேர்மை.

ஊசி போடும் டப்பா பற்றி ஒரு வார்த்தை. விரலில் குத்திய லான்செட் ஊசி, துளை விழாத வெள்ளை டப்பாவில், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், கையுறை சிவப்புப் பையில். தெருக் குப்பைத் தொட்டியில் போட்டால் அது கொடுங்கையூர் கிடங்குக்குப் போகும். அங்கே வெறுங்கையால் பிளாஸ்டிக் பொறுக்குபவர்கள் இருக்கிறார்கள்.

டேப்லட், அதில் இருக்கும் வீட்டுப் பட்டியல்

டேப்லட் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. பவர் பேங்க் இரண்டு, மழை உறை ஒன்று. சந்துக்குள் ஜி.பி.எஸ். பக்கத்துத் தெருவைக் காட்டும், அதை மட்டும் நம்பி வீட்டைத் தேட வேண்டாம்.

உள்ளே இருக்கும் வீட்டுப் பட்டியல்தான் சிக்கல். கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011. அடுத்ததற்கான அடிப்படை நாள் 2027 மார்ச் 1. நடுவில் குடிசைகள் அகற்றப்பட்டு ஜனங்கள் பெரும்பாக்கம் வரை அனுப்பப்பட்டிருக்கிறார்கள், இருந்த இடத்தில் மாடி எழும்பியிருக்கிறது. பழைய பட்டியலை வைத்து இறங்கினால் இல்லாத வீட்டைத் தேடுவீர்கள், இருக்கும் வீட்டைத் தாண்டிப் போவீர்கள். தேர்ந்தெடுத்த ஒவ்வொரு பகுதியையும் புதிதாக நடந்து பட்டியலிட வேண்டும். பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள், சுவரில் இரண்டும் இருக்கும், ஜனங்கள் சொல்வது பழையதாகத்தான் இருக்கும். ஒரே கதவெண்ணில் எட்டுக் குடித்தனம் இருக்கும். 'எத்தனை வீடு?' என்று கேட்காமல் 'எத்தனை அடுப்பு?' என்று கேளுங்கள். ஒரே உலையில் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம். மணலி, எண்ணூர்ப் பக்கம் வடமாநிலத் தொழிலாளர்கள் ஆறு பேர் ஒரு அறையில் சமைத்துச் சாப்பிட்டால் அதுவும் ஒரு குடும்பம்தான். அவர்களை 'பேச்சிலர் ரூம்' என்று தாண்டிப் போனால் அந்தப் பகுதியின் இளைஞர்களில் பெரும் பங்கைத் தாண்டிவிட்டோம் என்று பொருள்.

பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டைப் போடும் பழக்கம் இன்னும் பெரிய கேடு. பகல் பதினொன்றுக்கு வீட்டில் இருப்பவர்கள் பெண்களும் பெரியவர்களும். ஷிஃப்ட் போகும் ஆண், ஆய்வுக்குத் தேர்ந்தவர்களின் கணக்கிலிருந்து மறைந்துவிடுவார். வேறுவேறு நேரத்தில் மூன்று முறை போக வேண்டும், அதில் ஒன்று ஞாயிறு. காசிமேட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், பிடிப்பது சுலபம். ஆனால் வருமானம் இல்லாத, வேலை இல்லாத இரண்டு மாதம் அது. சாப்பாடு, குடி, உழைப்பு பற்றிய பதில்கள் மற்ற பத்து மாதத்தைச் சொல்லாது. பி.பி., உயரம், எடையை அப்போது எடுக்கலாம், 'போன வாரம் எத்தனை நாள் கடின உழைப்பு?' மாதிரியான கேள்விகளை அப்போது கேட்காதீர்கள். கேட்டால் எந்த மாதத்தில் கேட்டது என்பதைப் பிரித்து வையுங்கள்.

மேற்பார்வையாளர் பத்தில் ஒரு வீட்டுக்காவது சொல்லாமல் திரும்பப் போக வேண்டும். இது இந்த ஊருக்குப் புதிது இல்லை. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வில், வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்ற ஏழை நோயாளிகளின் வீட்டுக்குச் சொல்லாமல் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வீட்டுச் சிகிச்சை, சானடோரியத்தில் (காசநோய் மருத்துவமனையில்) தங்கிப் பெறும் சிகிச்சைக்கு இளைத்ததல்ல என்று 1959-ல் அவர்கள் வெளியிட்ட முடிவை உலகம் ஏற்றதற்கு அந்தக் கறாரும் ஒரு காரணம்.

பை மூடும்போது கையில் கொடுக்கும் சீட்டு

அளந்துவிட்டு எண்ணை வாயால் சொல்லிப் போகும் குழுவுக்கு இரண்டாவது முறை கதவு திறக்காது. தமிழில் அச்சிட்ட சீட்டு வேண்டும்: தேதி, நேரம், இரண்டாம் மூன்றாம் அளவுகளின் சராசரி, எந்தக் கையில், எந்தப் பட்டையில். பி.பி.யின் மேல் எண் 180-க்கு மேலோ கீழ் எண் 110-க்கு மேலோ வந்தால், அன்றே போக வேண்டிய நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயரும் அது திறந்திருக்கும் நேரமும். அதோடு தலைவலி, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல் ஏதாவது இருந்தால் சீட்டு எழுத உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள், ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. சுகர் எண்ணுக்கு எதிரே 'இது முடிவல்ல, ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்' என்று பெரிய எழுத்தில் அச்சாகட்டும். ஏ4 தாளில் அடித்தால் மறுநாளே அதில் வடை மடிப்பார்கள். ஆதாரும் ஸ்மார்ட் கார்டும் வைக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் நுழையும் அளவில் கெட்டி அட்டையில் அடியுங்கள். அடுத்த ஆய்வுக் குழு வரும்போது அந்த அம்மாவே எடுத்து நீட்டுவார்.